வெயிலையே பார்க்காத குட்டிகள்

போன வாரம், எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள் ஒரு பயிற்சி வகுப்பு முடிந்த கையோடு என் வீட்டுக்கு வந்தார்கள். வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்குள்ளேயே ஒருத்தி கத்தினாள். "மேடம், சினைப் பன்றிக்கு வெயில் தாக்கினா, அது போடற குட்டியோட கறி வரைக்கும் போய் நிக்குமாம்! கிளாஸ்ல சொன்னாங்க. நிஜமா மேடம்?"

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஆகிவிட்டது. கையில் இருந்த காபி டம்ளரை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. பிற்பாடு என் வீட்டுக்காரர் அதைச் செருப்பு ஸ்டாண்டிலிருந்து எடுத்து வந்தார். "நிஜமாவா? அடிப் பாவிங்களா, அந்தக் கறியை இந்தக் கையால தொட்டுப் பார்த்தவடீ நான்! மானாம்பதியில நடந்தது!" என்று ஆரம்பித்தவள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நிறுத்தவில்லை. கடைசியில் இரண்டாமவள் சொன்னாள், "மேடம், நீங்க பேசினா நடுவுல நாலு கதைக்குப் போயிட்டு வர்றீங்க. எழுதிக் குடுங்களேன்." வாய்த்துடுக்கு. ஆனால் சொன்னது உண்மை. அதனால் எழுதுகிறேன்.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் ஆஸ்பத்திரியில் இருப்பார், ஆய்வாளர் ஊர் ஊராகப் போவார். தடுப்பூசி, சினை ஊசி, சினை பார்ப்பது, முதலுதவி எல்லாம் எங்கள் தலையில். உத்திரமேரூர் சுற்று வட்டாரத்தில் நான் மொபெட் ஓட்டாத மண் பாதை கிடையாது. நான் தெருமுனையில் திரும்பும்போதே "ஊசியம்மா வருது" என்று பிள்ளைகள் ஓடும். பாதிப் பிள்ளைகள் ஊசி தங்களுக்குத்தான் என்று நினைத்து ஓடும்.

பிறந்தது பட்டுத்தறி வீடு. அப்பா, அண்ணன் எல்லோரும் தறிக்குழியில் கால் விட்டவர்கள். நான் மட்டும் எப்படியோ பரீட்சை எழுதி, பயிற்சி முடித்து, தடுப்பூசி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பெண் பார்க்க வந்தபோது "மாட்டு ஆஸ்பத்திரியில வேலை" என்று அப்பா சொன்னார். மாமியாருக்குப் பரம சந்தோஷம். பன்றியும் என் வேலையில் சேர்த்தி என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. "லட்சுமின்னு நெனச்சிக் கட்டிக்கினு வந்தா, இவ வராகத்தத் தூக்கிக்கினு நிக்கிறா" என்று கூடத்தில் நின்று புலம்பினார். "வராகமும் பெருமாள்தானே அத்தை" என்றேன். அன்றைக்கு முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

ஆனால் என் முதல் பன்றி என்னைப் பேச விட்டதா? பெருநகர் என்ற கிராமத்தில் ஒரு வீட்டில் தடுப்பூசி. வீட்டுக்காரர் பின்னங்காலைப் பிடித்ததும் அது ஒரு குரல் எழுப்பியது பாருங்கள், காதுக்குள் விசில் ஊதிய மாதிரி இருந்தது. நானும் கூடவே கத்திவிட்டேன். ஊசி ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், நான் தவிட்டு மூட்டை மேல். அவர் பன்றியின் காலை விடாமலே என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னா மேடம், அது கத்துது சரி, நீ ஏன் கத்துற?" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ பன்றிக்கு ஊசி போட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் இன்னும் பதில் இல்லை.

நான் வேலை கற்றது என்று சொன்னால் டாக்டர் ஞானசேகரனிடம்தான். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்கள் அவர் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். என்னைவிட வயதில் சிறியவர். ஒல்லியான உடம்பு, வெயிலோ மழையோ முழுக்கைச் சட்டை. ஒரு கொட்டகைக்குப் போனால் மாட்டையோ பன்றியையோ உடனே தொடமாட்டார். முதலில் அது நிற்கிற இடத்தில் தானும் போய் நிற்பார். அது படுத்திருந்தால் குத்துக்காலிட்டு உட்காருவார். தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டு அலசி, அந்தக் கையை மோந்து பார்ப்பார். விலா ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அதற்கப்புறம்தான் தெர்மாமீட்டர் பைக்குள்ளிருந்து வெளியே வரும். பெண் ஜாதி மிருகம் எதுவாக இருந்தாலும் "இவங்க" என்றுதான் சொல்வார்.

இன்னொரு பழக்கம்தான் என் உயிரை வாங்கும். வீட்டுக்காரர் ஏதாவது சொன்னால் "அப்புறம்?" என்பார். இன்னும் கொஞ்சம் சொன்னால் மறுபடியும் "அப்புறம்?" நானோ அவசரக்காரி. பாதியிலேயே நோய் பெயரைச் சொல்லி மருந்தை எடுத்துவிடுவேன். அவர் என் கையைப் பார்ப்பார், மருந்து திரும்பப் பெட்டிக்குள் போகும்.

சாலவாக்கத்தில் ஒரு மாடு திடீரென்று பால் இறக்க மாட்டேன் என்றது. மடி நன்றாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை, தீனி எடுக்கிறது. வீட்டுக்கார அம்மா சொல்லச் சொல்ல இவர் "அப்புறம், அப்புறம்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த அம்மாவுக்கே பொறுமை போய்விட்டது. "அப்புறம் இன்னா சார்? எங்க வூட்டுக்காரு கைய ஒடிச்சிக்கினாரு. அவரு தம்பிதான் கறக்கறாரு. அது வேற பீடிய வாயில வெச்சிக்கினு கறக்குது!" என்றார். டாக்டர் பெட்டியை மூடிவிட்டார். "பீடியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மறுநாளிலிருந்து பால் வந்தது. எனக்குத்தான் அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

இனி மானாம்பதி கதை. இதற்குத்தான் இவ்வளவு நேரம் பறந்துகொண்டிருந்தேன்.

மானாம்பதியில் கனகு என்று ஒருத்தி. புருஷன் லாரியோடு வெளியூர் போகிறவன், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். கனகுவின் அம்மா, அம்மாவின் அம்மா எல்லோரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, களை பிடுங்கி, அறுத்தவர்கள். கனகுவும் பதினைந்து வயதிலிருந்து அதைத்தான் செய்தாள். பிறகு ஒரு வெள்ளைப் பன்றிக் குட்டி வாங்கி, அது இரண்டாகி, மூன்றாகி, ஊருக்கு வெளியே சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகையே கட்டிவிட்டாள். மூன்று தாய்ப்பன்றிகள், பெரியவ, நடுவ, சின்னவ. ஒரு ஆண். வருடத்துக்கு இரண்டு ஈற்று. வளர்ந்த குட்டிகளை எல்லாம் உத்திரமேரூரில் கறிக்கடை வைத்திருக்கும் ராயப்பன் எடுத்துக்கொள்வார். "நான் இப்ப யாரு கழனியிலயும் குனியறது இல்லக்கா" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் முதுகு தானாக நிமிரும்.

ஒரு வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம் அவளிடமிருந்து போன். அழுகையில் முதலில் ஒன்றும் புரியவில்லை. "அக்கா, ராயப்பண்ணன் இனிமே என் பன்னி வாணாம்னு சொல்ட்டாருக்கா. தாயிங்க சாதி சரியில்லியாம். மூணையும் வெட்டிட்டு வேற வாங்கு, அப்பத்தான் எடுப்பேன்னு சொல்றாரு. நான் இன்னாக்கா செய்வேன்? மூணையும் மடியில போட்டு வளத்தேன். மறுபடியும் கழனிக்கா போவேன்?"

டாக்டரையும் அழைத்துக்கொண்டு நேராக ராயப்பன் கடைக்குப் போனேன். ராயப்பன் மோசமான ஆள் இல்லை. அவருக்குத் தொழிலில் கௌரவம் முக்கியம். கொக்கியில் தொங்கிய தொடையை எங்களுக்குத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க சார். தோலுக்குக் கீழ கொழுப்பு எம்மாம் தடிப்பு கீது, சதை எம்மாங்கூண்டு கீது? கலரப் பாருங்க, வெளுத்துக் கீது. தட்டுல வெச்சா தண்ணி விடுது. சட்டியில போட்டா ஒண்ணு பாதியாச் சுருங்குது. ஈஸ்டர் அன்னிக்கு வூட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறப்ப இத வாங்கிக்கினு போனவன் என்ன வையமாட்டானா? பேஜாராப் போச்சு சார்."

"அப்புறம்?" என்றார் டாக்டர்.

"அப்புறம் இன்னா, இந்த வருசம் மட்டும் இல்ல. போன ஈஸ்டருக்கும் இதே கததான்."

"அப்புறம்?"

"கிறிஸ்துமஸுக்கு வந்ததெல்லாம் சோக்கா இருந்துச்சு சார், அதயும் சொல்லணும்ல. நல்லா செவப்பா, கெட்டியா. அதே தாயி, அதே தகப்பன். அதான் எனக்கே புரியல."

டாக்டர் முதலில் சந்தேகப்பட்டது வண்டியை. பன்றியை உச்சி வெயிலில் டெம்போவில் அடைத்துக் கொண்டுவந்து, மூச்சிரைக்க நிற்கும்போதே அறுத்தால் கறி வெளுத்துத் தண்ணீர் விடும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "மிச்சம் இருக்கறதை விடியற்காலையில ஏத்துங்க. வந்ததும் தண்ணி தெளிச்சு நிழல்ல படுக்க விடுங்க, மூச்சு அடங்கட்டும், அப்புறம் பாருங்க" என்றார். கனகு அப்படியே செய்தாள். தண்ணீர் விடுவது கொஞ்சம் குறைந்தது என்று ராயப்பன் சொன்னார். ஆனால் கொழுப்பு அப்படியேதான் இருந்தது. சதையும் அப்படியேதான். "வண்டி மட்டும் இல்ல சார், பன்னியே அப்டித்தான் கீது" என்றார்.

அவர் அப்படிச் சொன்ன அன்றே கடையிலிருந்து மானாம்பதிக்குக் கிளம்பினோம். டாக்டர் அவருடைய பைக்கில், நான் என் வண்டியில். சித்திரை வெயில் தார் ரோட்டில் தளதளவென்று கொதிக்கிறது. என் மண்டைக்குள் மாதக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு வருகிறவை மாசியில் பிறந்தவை. மாசியில் பிறந்தால் குட்டிப் பருவம் முழுக்கக் கத்திரி வெயிலில். ஈஸ்டருக்கு வருகிறவை ஆவணியில் பிறந்தவை. ஆவணி, ஐப்பசி மழை, மார்கழிப் பனி, எல்லாம் குளிர்ச்சியில் வளர்ந்தவை. அப்படியென்றால்...

நான் வண்டியை முறுக்கி டாக்டர் பக்கத்தில் கொண்டுபோய்க் கத்தினேன். "சார்! வெயில்ல வளர்ந்த குட்டி நல்லா இருக்கு! வெயிலையே பார்க்காத குட்டி கெட்டுப்போகுது! தலைகீழா இருக்கு சார்!"

"அப்புறம்?" என்று அவரும் கத்தினார். ஓடுகிற வண்டியிலும் அதே கேள்வி!

"அப்புறம் ஒண்ணும் இல்ல சார், அவ்வளவுதான்!"

ஒரு பத்தடி போயிருப்பார். சடாரென்று பிரேக் போட்டார். பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் எங்கள் இருவரையும் பரம்பரையோடு திட்டிவிட்டுப் போனார். டாக்டர் காதில் அதெல்லாம் ஏறவில்லை. "சுலோச்சனா, பிறந்த பிறகுதானே வெயிலைப் பார்க்கல? பிறக்கறதுக்கு முன்னாடி?" என்றார்.

நான் விரல் விட்டு எண்ணினேன். ஆவணியில் ஈன்றால், சித்திரையில் சினை. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. கத்திரி முழுக்க வயிற்றுக்குள்! எனக்கு ரோட்டிலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. குதித்தேனா என்று கேட்டால் கொஞ்சம் குதித்தேன்.

கனகுவின் கொட்டகையில் முதலில் எங்களுக்குக் குழப்பம்தான். மற்ற பன்றிகள் எல்லாம் வெளியே ஏரிக்கால்வாய் ஓரம் புங்கமர நிழலில் சேற்றில் சுகமாகப் புரண்டுகொண்டிருக்கின்றன. காதில் சேறு, மூக்கில் சேறு. வெயிலாவது ஒன்றாவது என்று கிடக்கின்றன. "தாயிங்க எங்கடி?" என்று கேட்டேன். கனகுவின் முகத்தில் ஒரு பெருமை. "அதுங்க உள்ள கீதுக்கா. மூணும் இப்பத்தான் சினை புடிச்சிக் கீது. வெளிய வுடுவனா?"

கொட்டகையின் கோடியில் ஒரு தனி அறை. மேலே சிமெண்ட் ஷீட், அது கை எட்டும் உயரம். மூன்று பக்கமும் தார்ப்பாய் இறக்கிக் கட்டி, சந்து பொந்தெல்லாம் சாக்கு அடைத்து, நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. உள்ளே மூன்று தாய்களும் கிடந்தன. விலா படபடவென்று துடிக்கிறது. வாய் பிளந்து மூச்சு வாங்குகின்றன. பெரியவள் தன் மூத்திரத்திலேயே கழுத்தைத் தேய்த்துக்கொண்டு கிடந்தாள். பன்றிக்கு வியர்க்காது. ஈரத்தில் புரண்டால்தான் அதற்குச் சூடு இறங்கும். அந்த அறையில் இருந்த ஈரம் அது ஒன்றுதான்.

"இவங்களை ஏன் அடைச்சு வெச்சிருக்கீங்க?" என்றார் டாக்டர்.

"வயித்துல இருக்கறதுக்குக் காத்து படக் கூடாது சார். போற வர ஜனங்க கண்ணு படக் கூடாது. தண்ணி பட்டா ஜன்னி வந்துடும். எங்கம்மா என்ன இப்டித்தான் வெச்சிக்கினு இருந்துச்சு. மத்ததுக்கெல்லாம் தவிடு, இதுங்களுக்கு மட்டும் கஞ்சி கூட வெச்சி ஊத்தறேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அறிவு கீதாடி உனக்கு? அடுப்புல வெச்சிருக்கடி அதுங்கள! வெளிய விடு, சேத்துல விடு, தண்ணிய ஊத்து!" என்று காட்டுக் கத்தல் கத்தினேன். கனகுவுக்கு மூஞ்சி சுருங்கிப்போனது. "வயித்துப் புள்ளத்தாச்சிய சேத்துல பொரட்டச் சொல்றியாக்கா? கலஞ்சிட்டா நீ வந்து குடுப்பியா? ராயப்பண்ணன் வெட்டுன்றாரு, நீ கொல்லுன்ற. போக்கா, போ" என்று படலைச் சாத்த வந்துவிட்டாள்.

டாக்டர் பையைக் கீழே வைத்தார். குனிந்து அந்த அறைக்குள் போனார். பெரியவள் பக்கத்தில், அந்த ஈரத்திலேயே, சம்மணமிட்டு உட்கார்ந்தார். முழுக்கைச் சட்டை, இஸ்திரி போட்ட பேன்ட். "படலைச் சாத்திடுங்க கனகு. நீங்களும் வாங்க. கொஞ்ச நேரம் உக்காரலாம்" என்றார். டாக்டரே உட்கார்ந்த பிறகு ஆய்வாளர் வெளியே நிற்க முடியுமா? நானும் போய் உட்கார்ந்தேன். கனகு தயங்கித் தயங்கி வந்து படலை இழுத்துச் சாத்திவிட்டு, சின்னவளின் முதுகில் கை வைத்து உட்கார்ந்தாள்.

அம்மாடி, அந்தச் சூடு! தலைக்கு மேலே ஷீட் எரிகிறது. நின்றுகொண்டிருந்தபோது தெரியாத சூடு, பன்றியின் மூக்கு உயரத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. காற்று என்று பேருக்குக் கூட இல்லை. எனக்கு வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. டாக்டர் தெர்மாமீட்டரை எடுக்கவே இல்லை.

அந்தச் சூட்டில் எனக்குப் பழைய ஞாபகம் வந்து, வாயும் தானாகத் திறந்துகொண்டது. "ஏ கனகு, என் மூத்தவனை நான் சுமந்தது கத்திரியிலடி. எங்க மாமியார் என்னைத் தறிக்குப் பாவு சுத்தி வெக்கிற அறைக்குள்ள வெச்சு ஜன்னலைச் சாத்திட்டாங்க. காத்து படக் கூடாதாம், கண்ணு படக் கூடாதாம். எல்லாம் பிரியத்துலதான். ரெண்டு நாள் பொறுத்தேன். மூணாம் நாள் ஜன்னலை ஒதச்சுத் தொறந்து, தெருவே கேக்கற மாதிரி சண்டை போட்டுட்டு, கிணத்தடியில போய்த் தலையோட நாலு வாளி ஊத்திக்கினேன். ஒரு ஜன்னியும் வரல. எனக்கு வாய் இருந்துச்சு, சண்ட போட்டேன். இவளுக்கு வாய் ஏதுடி? யாரு கிட்ட போய்ச் சொல்லுவா?"

கனகு பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் அந்த ஈரத்தில் மறுபடியும் கழுத்தைத் தேய்த்தாள். கனகு விருட்டென்று எழுந்தாள். கயிற்றை அவிழ்க்கக் கூடப் பொறுமை இல்லை, தார்ப்பாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள், கிழிந்துகொண்டு வந்தது. மூன்று பக்கமும் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே நின்று ஓவென்று அழுதாள். "நாந்தான் வேக வெச்சிக்கினு இருந்தேனாக்கா? புள்ள மாதிரி பாத்துக்கறேன்னு நானே வேக வெச்சேனா?"

"நீங்க நல்லதுதான் செய்ய நெனச்சீங்க" என்றார் டாக்டர், பேன்ட்டில் ஒட்டியிருந்ததைத் தட்டிக்கொண்டே. "கறிக்கு இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். தீனி மாத்தாதீங்க, ஆணை மாத்தாதீங்க. இந்த ஒண்ணை மட்டும் மாத்துவோம். அடுத்த ஈஸ்டர்ல கறி சொல்லட்டும்."

ராயப்பனிடம் பேசும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் தாடையைச் சொறிந்தபடி ரொம்ப நேரம் யோசித்தார். "சரி மேடம், உனக்காவ ஒரு வருசம். அடுத்த ஈஸ்டருக்கும் இதே மாதிரி வந்துச்சுன்னா மூணு தாயயும் நானே வந்து ஏத்திக்கினு பூடுவேன். அன்னிக்கு கனகுவும் அழக் கூடாது, நீயும் கத்தக் கூடாது." கனகுவும் ஒத்துக்கொண்டாள். அவளுக்கு வேறு வழி இல்லை.

அந்தக் கோடையில் மானாம்பதிக்கு நான் போன அளவுக்கு என் அம்மா வீட்டுக்குப் போனதில்லை. ஷீட்டின் மேல் தென்னங்கீற்று பரப்பினோம். அறையின் மூன்று பக்கமும் திறந்தே கிடந்தது. புங்கமரத்தடியில் சினைப் பன்றிகளுக்கென்று தனியாகச் சேற்றுக்குழி வெட்டினாள், மற்றவை வந்து முட்டாமல் இருக்கச் சுற்றிலும் படல் கட்டினாள். தீனியை வெயில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் என்று மாற்றினோம். தண்ணீரை எடுத்த எடுப்பில் தலையில் கொட்டக் கூடாது, முதலில் கால், பிறகு தோள், பிறகு முதுகு என்று டாக்டரே வாளியும் கையுமாக நின்று செய்து காட்டினார். முதல் நாள் கனகு கண்ணை மூடிக்கொண்டுதான் ஊற்றினாள்.

ஊர் சும்மா இருக்குமா? "இன்னா கனகு, உன் மருமவளுங்களுக்கு ஏசி எப்ப மாட்டப் போற?" என்று வழியில் போகிறவர்கள் எல்லாம் கிண்டல். சில பெண்கள் நிஜமாகவே பயந்தார்கள், எல்லாம் கலைந்துவிடும் என்று அவள் காதுபடப் பேசினார்கள். ஒரு நாள் சின்னவள் இரண்டு தும்மல் போட்டதற்கு ஜன்னி வந்துவிட்டது என்று கனகு போனில் அலறினாள். நான் நாஷ்டா தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் மூக்கில் சேறு. கழுவி விட்டோம், தும்மல் நின்றது. அந்த வருடக் கத்திரி ஒன்றும் இரக்கப்பட்டு அடிக்கவில்லை. பார்க்கிற வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது.

ஆவணியில் மூன்றும் ஈன்றன. கனகுவின் குரல் போனைப் பிய்த்துக்கொண்டு வந்தது. "அக்கா! எல்லாம் ஒரே சைஸுல கீதுக்கா! முன்னெல்லாம் நாலு நல்லா இருந்தா நாலு நோஞ்சானாக் கெடக்கும். இது பொறந்ததுமே முட்டிக்கினு ஓடுதுக்கா! வா, வந்து பாரு!" ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான், கையில் தூக்கினால் கையை உதைத்துக்கொண்டு இறங்கப் பார்த்தன. எனக்கு அப்போதே ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. டாக்டர் மட்டும் தலையை ஆட்டினார். "குட்டி நல்லா இருக்கு. கறியை இன்னும் பார்க்கலை" என்றார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஈஸ்டருக்கு முந்தின நாள் விடியலில் நாங்கள் எல்லோரும் ராயப்பன் கடையில் இருந்தோம். பன்றிகள் வந்து, தண்ணீர் தெளித்து, நன்றாக மூச்சு அடங்கி, முதல் பன்றியை அறுத்துத் தொங்கவிட்டாயிற்று. கனகு உள்ளே வரவில்லை. கடைக்கு எதிரே வேலிகாத்தான் நிழலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கடைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

ராயப்பன் கத்தியைத் தீட்டினார். அவசரமே இல்லை அவருக்கு. முதுகுக் கறியைக் குறுக்கே வெட்டினார். தோலுக்குக் கீழே கொழுப்பின் தடிப்பை விரலை வைத்து அளந்தார். இன்னொரு தரம் அளந்தார். சதையைக் கட்டைவிரலால் அழுத்தி, விரலை எடுத்து, குழி எழும்புகிறதா என்று பார்த்தார். பிறகு ஒரு துண்டைக் கொக்கியில் மாட்டி, கீழே காய்ந்த எவர்சில்வர் தட்டை வைத்துவிட்டு, போய்க் கை கழுவிக்கொண்டு வந்து எங்களோடு நின்றார். எல்லோரும் தட்டையே பார்த்தோம். டீ வந்தது, ஆறிப்போனது. ஒரு சொட்டு விழுந்தது. ராயப்பன் நெருங்கிப் பார்த்துவிட்டு, "கொக்கியில இருந்த ஈரம்" என்று துடைத்துவிட்டார். மறுபடியும் நின்றோம். என் இடது கை வலது கையை நசுக்கிக்கொண்டிருந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் ராயப்பன் தட்டை எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அடியில் விரலால் ஒரு இழுப்பு இழுத்தார். அந்த விரலை உற்றுப் பார்த்தார்.

"அப்புறம்?" என்றார் டாக்டர். அவர் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன்.

"அப்புறம் இன்னா சார் அப்புறம்!" என்று ராயப்பன் தட்டைத் தூக்கிக் காட்டினார். காய்ந்த தட்டு! "கொழுப்பு போன வருசத்துல பாதி கூட இல்ல, எல்லாம் சதை! கிறிஸ்துமஸ் கறி தோத்துப் போச்சு! இந்தா, மொத கண்டம் எங்க வூட்டுக்கு. இத விக்கமாட்டேன்!" கறிக்கடைக்காரர் முதல் துண்டைத் தன் வீட்டுக்கு எடுத்து வைத்து நான் பார்த்ததே இல்லை. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். நான் கத்திய கத்தலில் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் ரோட்டைத் தாண்டி ஓடினேன். "கனகு! தட்டு காஞ்சிருக்குடி! தாயிங்க தப்பிச்சுதுடி! வாடி உள்ள, ராயப்பன் உன்னைக் கூப்பிடறாரு, வந்து பாரு!" கனகு என்னைக் கட்டிக்கொண்டாள். உடம்பெல்லாம் ஆடுகிறது, அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. அப்படியே நின்றவள் சட்டென்று தலையைத் தூக்கி, ஏரிக்கரைக்கு மேலே வந்துவிட்ட சூரியனைப் பார்த்தாள். என் கையை உதறிவிட்டு மானாம்பதி பஸ்ஸை நோக்கி ஓட ஆரம்பித்தாள்.

"ஏய், கறியைப் பார்க்காம எங்கடி ஓடற?"

"நீ பாத்துக்கோக்கா! வெயிலு ஏறிக்கினு கீது. பெரியவ மறுபடியும் சினையா கீறா, தண்ணி ஊத்தணும்!"